அன்டனா கட்டியே ஆளாகலாம்!

கல்முனையிலிருந்து கிட்டங்கி தாம்போதியைத் தாண்டி நாவிதன்வெளிப் பக்கம் போகிறவர்கள் வயலைப் பார்ப்பார்கள். நீங்கள் வேலை தேடுகிறவர் என்றால் கூரைகளைப் பாருங்கள். சவளக்கடை, அன்னமலை, மத்தியமுகாம் என்று எங்கு திரும்பினாலும் ஒரு கம்பு நிற்கும். மூங்கிலில் ஒரு 4ஜி அன்டனா. தண்ணி டாங்கி ஸ்டாண்டில் கயிறு போட்டுக் கட்டிய டிஷ். கமுகு மரத்தில் ஆணி அடித்து ஏற்றிய வெள்ளைப் பெட்டி. எப்போதோ செத்துப்போன சி.டி.எம்.ஏ. போனின் அன்டனாகூட, இறக்க ஆளில்லாமல் துருப்பிடித்து நிற்கும். சாய்ந்து நிற்கிற ஒவ்வொன்றும் யாரோ ஒருவன் காசு வாங்கிவிட்டு மறந்துபோன வேலை. அதைச் சரியாகச் செய்யத் தெரிந்தால் அந்த வீடு இனி உங்கள் கஸ்டமர்.

2000களின் நடுப்பகுதியில் டெலிகொம், சன்டெல், லங்கா பெல் மூன்றும் சி.டி.எம்.ஏ. வீட்டு போனைக் கொண்டுவந்தபோது கிராமங்களில் கூரையேற ஆள் தேவைப்பட்டது. சன்டெல் 2012இல் டயலொக்குக்குள் போய்விட்டது. பிறகு டிஷ் டிவி வந்தது, 4ஜி ரவுட்டர் வந்தது. 2020இல் கொரோனாவோடு பாடசாலையும் வீட்டுக்குள் வந்தபோது சிக்னல் இல்லாத வீட்டுக்காரர்கள் கேட்ட விலையைத் தந்தார்கள். 2025 ஜூலையில் இலங்கையில் ஸ்டார்லிங்க் தொடங்கியது. பெட்டிதான் மாறிக்கொண்டு வருகிறது. ஏணியும் ட்ரில்லும் வைத்திருக்கிற ஆளை இன்னும் தேடுகிறார்கள். ஆனால் ஏணியும் ட்ரில்லும் வைத்திருக்கிற பொடியன்கள் ஊருக்குப் பத்துப் பேர். அந்தப் பத்துப் பேரில் உங்களுக்கு ஏன் கோல் வர வேண்டும்? இனி அதைப் பார்ப்போம்.

1. சந்தை எங்கே என்று முதலில் முடிவெடுங்கள்

பைபர் கேபிள் வந்துவிட்ட வீதியில் அன்டனாக்காரனுக்கு எதிர்காலம் இல்லை. கல்முனை, சாய்ந்தமருது டவுனுக்குள் மற்றவனோடு விலையில் அடிபடாதீர்கள். பைபர் வரத் தாமதிக்கும் இடம்தான் உங்கள் இடம்: வயலோரக் குடியேற்றங்கள், கல்லோயாத் திட்டக் கொலனிகள், தனித்து நிற்கும் அரிசி ஆலைகள், கோழிப் பண்ணைகள். ஆலைக்காரருக்கு வீட்டிலிருந்தபடியே ஆலையின் கெமராவைப் பார்க்க வேண்டும். பண்ணைக்காரருக்கு ஒரு கிலோமீற்றர் தள்ளி நெட் வேண்டும். இது வீட்டு அன்டனாவை விடப் பெரிய பில்.

2. ஏணிக்கு முன் மீட்டர்

போன உடனே கூரையில் ஏறுகிறவனை கஸ்டமர் கூலியாகப் பார்க்கிறார். போனை எடுத்து அளக்கிறவனை டெக்னீஷியனாகப் பார்க்கிறார். நெட்வொர்க் அளக்கும் இலவச ஆப் ஒன்றைப் போட்டு இரண்டு எண்களைப் படிக்கப் பழகுங்கள். ஆர்.எஸ்.ஆர்.பி. என்பது சிக்னலின் பலம்: மைனஸ் 90க்கு மேல் என்றால் நல்லது, மைனஸ் 110க்குக் கீழே என்றால் கஷ்டம். எஸ்.ஐ.என்.ஆர். என்பது சிக்னலின் சுத்தம்: 20 என்றால் அருமை, பூச்சியத்துக்குக் கீழ் என்றால் எவ்வளவு பலம் இருந்தும் வேகம் வராது. போனில் தெரியும் கோடுகளை நம்பி யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

வளவுக்குள் நான்கு மூலையிலும் அளந்து பாருங்கள். முடிந்தால் போனை ஒரு கம்பில் கட்டி உயர்த்தியும் அளந்து பாருங்கள். முன்பக்கம் தென்னந்தோப்பு மறைக்கிற வீட்டில் பின்பக்கம் பத்தடி நகர்த்தினாலே கதை மாறிவிடும். சுகமாக இருக்கிற மூலையில் கட்டி, சிக்னல் இருக்கிற மூலையை விட்டுவிடுவதுதான் இந்தத் தொழிலில் நான் அதிகம் பார்க்கும் சோம்பேறித்தனம்.

வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த ஸ்க்ரீன்ஷொட் இரண்டையும் அங்கேயே நின்று கஸ்டமரின் வட்ஸ்அப்புக்கு அனுப்புங்கள். அவர் அதைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் காட்டுவார். அன்டனா போட்டாலும் பிரயோசனம் இல்லை என்று அளவு சொன்னால், "இந்த சிம்முக்கு இங்க சரிவராது, மற்ற கம்பனிய பாருங்க" என்று சொல்லிவிட்டு, பார்க்க வந்ததற்கு மட்டும் காசு வாங்குங்கள். இன்று ஒரு பில் போகும். நாளை அவர் தம்பி வீடு கட்டும்போது உங்களைத்தான் கூப்பிடுவார்.

இரண்டு கட்டடங்களை இணைக்கும் லிங்க் என்றால் இன்னொரு கணக்கும் உண்டு. கண்ணுக்கு நேர்க்கோடு தெரிந்தால் மட்டும் போதாது. ரேடியோ அலை நடுவழியில் உப்பிக்கொண்டு போகும். 5.8 ஜிகாஹெர்ட்ஸில் 2 கிலோமீற்றர் தூரம் என்றால் நடுவில் அந்த உப்பலின் ஆரை சுமார் 5 மீற்றர். அதில் 60 வீதமாவது, அதாவது 3 மீற்றராவது, தடையில்லாமல் இருக்க வேண்டும். நம்ம வயல்வெளி மட்டமானது, அது வசதி. தொல்லை தருவது இரண்டு கரையிலும் நிற்கும் தென்னைகள்தான். வெயிலில் அளந்து ஓகே சொன்ன லிங்க், ஓலை நனைந்த பிறகு படுத்துவிடும்.

3. தற்காலிகம் என்றால் திகதி போடுங்கள்

இதுதான் முக்கியம், கொஞ்சம் நின்று படியுங்கள்.

சமாளிப்பு வேலை கேவலம் இல்லை. கலியாண வீட்டு லைவ், கோயில் திருவிழா, பள்ளிவாசல் மாநாடு, வெள்ளத்துக்குப் பிறகு அவசரமாக ஒரு இணைப்பு என்று தற்காலிகமாகக் கட்டித்தான் ஆக வேண்டிய இடங்கள் உண்டு. உலகம் முழுவதும் அப்படித்தான் கற்றுக்கொண்டார்கள். 2001இல் அமெரிக்காவில் ரொப் ஃப்ளிக்கெஞ்சர் என்பவர் பிரிங்கில்ஸ் சிப்ஸ் டின்னில் வைஃபை அன்டனா செய்து காட்டினார். பிறகு மற்றவர்கள் சோதித்துப் பார்த்தபோது, அதை விடச் சாதாரண தகர டின் நன்றாக வேலை செய்தது. உங்கள் வீட்டுக் குசினியில் ஒரு டின்னை எடுத்துச் செய்து பாருங்கள், படிப்பு வரும். கஸ்டமர் கூரையில் அந்தச் சோதனை வேண்டாம்.

பிழை எங்கே நடக்கிறது என்றால், இரண்டு நாளைக்குக் கட்டியது இரண்டு வருடம் நிற்கும்போதுதான். அதனால் தற்காலிகமாகக் கட்டினால் பில்லில் "தற்காலிகம்" என்று எழுதி, கழற்றும் திகதியையும் எழுதுங்கள். நிரந்தர வேலைக்கான விலையையும் அதே தாளில் கீழே எழுதுங்கள். பாதிப் பேர் அந்த இடத்திலேயே இரண்டாவது விலைக்கு மாறுவார்கள். இதில் தந்திரம் ஒன்றும் இல்லை, வியாபாரம்.

கூரையை ஓட்டை போடாமல் நிறுத்த எல்லோரும் செய்வது பெயின்ட் வாளி. 20 லீற்றர் வாளியில் கொங்கிரீட் ஊற்றி நடுவில் பைப்பை நிறுத்துவார்கள். எடை கிட்டத்தட்ட 48 கிலோ. பாரமாகத்தான் இருக்கும். ஆனால் கணக்கைப் பாருங்கள்: 60 சென்டிமீற்றர் டிஷ் ஒன்றை 50 கிலோமீற்றர் வேகக் காற்று சுமார் 4 கிலோ பலத்தில் தள்ளுகிறது. காற்று இரண்டு மடங்கானால் தள்ளல் நான்கு மடங்காகும். 100 கிலோமீற்றரில் 16 கிலோ. டிஷ் ஒன்றரை மீற்றர் உயரத்தில் நின்றால், 50இலேயே வாளி தள்ளாடத் தொடங்கும். அடி அகலம் ஓரடிதானே. 100இல் கட்டாயம் கவிழும், கவிழும்போது கூரை ஓடுகளையும் உடைத்துக்கொண்டு போகும். எடையைக் கூட்டுவதை விட அடியை அகலமாக்குங்கள்: பழைய லொறி டயருக்குள் கொங்கிரீட் ஊற்றுங்கள், அல்லது வாளிக்கு நான்கு பக்கமும் கால் வைத்து மணல் மூட்டை போடுங்கள், மூன்று பக்கம் ஸ்டே கம்பி இழுங்கள். டிஷ்ஷுக்குப் பதில் ஓரடிச் சதுர பேனல் அன்டனா போதும் என்றால் அதையே போடுங்கள். அதே 100 கிலோமீற்றர் காற்று அதை 5 கிலோ அளவில்தான் தள்ளும்.

இதை ஒரு கஸ்டமருக்கு விளக்கிப் பாருங்கள். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட பெரியவர் வீட்டில் இருந்தால் விளக்கவே தேவையில்லை, அவரே மகனுக்குச் சொல்லிக் கொடுப்பார்.

4. கம்பம் ஆடினால் லிங்க் ஆடும்

60 சென்டிமீற்றர் டிஷ்ஷின் பீம் 5.8 ஜிகாஹெர்ட்ஸில் ஆறு பாகை அளவுதான். மூன்று பாகை திரும்பினால் பலம் பாதி போய்விடும். தென்னை, கமுகு, பி.வி.சி. பைப் மூன்றும் இதனால்தான் கூடாது. காற்றில்லாத நேரம் ஸ்பீட் டெஸ்ட் அழகாக வரும். பின்னேரம் காற்று எழும்பியதும் கஸ்டமர் கோல் எடுப்பார்.

ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப், மெல்லியது வேண்டாம். சுவரில் இரண்டு பிராக்கட், இடையில் இரண்டடியாவது விட்டு. ரோல் பிளக் கல்லில் இறங்க வேண்டும். பூச்சிலோ, கல்லுக்கு இடையிலுள்ள சாந்திலோ இறங்கினால் ஒரு மழைக்குப் பிறகு கையோடு வரும். மருதமுனை, காரைதீவு போன்ற கடற்கரை வீடு என்றால் யூ போல்ட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும், உப்புக் காற்று மற்றதைத் தின்றுவிடும். நாவிதன்வெளிப் பக்கம் உப்பு குறைவு, ஆனால் வயல் வெளியில் காற்றுக்கு மறைப்பே இல்லை.

அஸ்பெஸ்டஸ் சீட் மேல் நேராகக் கால் வைக்காதீர்கள். போல்ட் அடித்த வரிசையின் கீழேதான் மரம் போகிறது. அதற்குக் குறுக்கே பலகை போட்டு அதன் மேல் நடந்து போங்கள். பழைய சீட் எச்சரிக்கை தராமல் உடையும். சீட்டை ட்ரில் பண்ணாதீர்கள், அந்தத் தூசி நெஞ்சுக்குக் கேடு. முடிந்தவரை சுவரிலேயே வேலையை முடியுங்கள். மழை ஈரம் காயாத ஓட்டில் ஏறச் சொன்னால் "நாளைக்கு வாறன்" என்று சொல்லத் தயங்க வேண்டாம்.

மின்கம்பியைப் பற்றி ஒரே ஒரு சட்டம்: கம்பம் எந்தப் பக்கம் விழுந்தாலும் லைனைத் தொடக்கூடாது. கம்பத்தின் முழு நீளம், அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் தூரம். வீதியில் போகும் 33 ஆயிரம் வோல்ட் லைன் அருகே என்றால் வேலையை எடுக்காதீர்கள். வேறு யாராவது எடுத்தால் எடுக்கட்டும்.

5. கேபிளில் கஞ்சத்தனம் செய்பவனிடமிருந்து கஸ்டமரைப் பறிக்கலாம்

ஆர்.ஜி. 58 என்ற மெல்லிய கறுப்பு கேபிள் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் மீற்றருக்கு ஏறத்தாழ ஒரு டெசிபெல் தின்னும். பத்து மீற்றர் இழுத்தால் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதாவது நல்ல விலை கொடுத்து வாங்கிய அன்டனாவின் பலனைக் கேபிளே குடித்துவிடும். டிவிக்குப் போடும் ஆர்.ஜி. 6 கேபிள் 75 ஓம்; ரவுட்டர் கேட்பது 50 ஓம். இதற்கெல்லாம் சுலபமான வழி, ரேடியோவையே அன்டனாவோடு மேலே ஏற்றும் அவுட்டோர் ரவுட்டர். கீழே வருவது நெட்வொர்க் கேபிள் மட்டும். கரண்டும் அதிலேயே போகும். 100 மீற்றர் வரை கவலையில்லை. கேபிளை வாங்கும்போது நுனியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். திருப்பிக் கொடுங்கள்.

கேபிள் சுவருக்குள் போகும் இடத்தில், ஓட்டைக்குக் கீழே ஒரு வளைவு தொங்க விடுங்கள். மழைத் தண்ணி கேபிள் வழியே ஓடிவந்து அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், வீட்டுக்குள் வராது. இந்த வளைவு ஒன்றே போதும், கட்டியவன் படித்தவனா இல்லையா என்று சொல்லிவிடலாம். டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். வெள்ளை டை வெயிலில் பொடியாகும், கறுப்பு வாங்குங்கள். புளிக்காடி மணம் வீசும் சிலிக்கோனை கனெக்டரில் பூசாதீர்கள், செம்பு அரிக்கும்.

6. பழுது அதிகம் வருவது கரண்டில்

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் கதையைத் தெரிந்து வைத்திருங்கள், கம்பனிக்காரரோடு பேசும்போது உதவும். தேனியிலுள்ள தன் மருத்துவமனையைச் சுற்றுவட்டாரக் கிராமங்களின் பார்வை மையங்களோடு அரவிந்த் வைஃபையால் இணைத்தது. கிராமத்து நோயாளியின் கண்ணை, தேனியில் இருக்கும் டொக்டர் வீடியோவில் பார்ப்பார். கலிஃபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகக் குழு ஒன்று, சாதாரண வைஃபை அட்டைகளின் மென்பொருளை மாற்றி, டிரெக்‌ஷனல் அன்டனா போட்டு, கிலோமீற்றர் கணக்கில் லிங்க் அமைத்துக் கொடுத்தது. அந்தக் குழு 2008இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் சொன்ன பாடம் நமக்கு அப்படியே பொருந்தும்: பெரும்பாலான பழுதுகள் ரேடியோவால் வரவில்லை, தரமில்லாத மின்சாரத்தால் வந்தன. வோல்ட் ஏறி இறங்கி அடாப்டரையும் போர்டையும் எரித்தது.

எனவே கோட்டேஷனில் ஒரு சேர்ஜ் புரொடெக்டர், ஒரு சின்ன யூ.பி.எஸ்., கம்பத்துக்கு எர்த் மூன்றையும் எப்போதும் சேர்த்து எழுதுங்கள். எர்த் கம்பியை வீட்டின் எர்த்தோடும் இணைக்க வேண்டும், தனியாக விட்டால் ஆபத்து. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடி அதிகம். இடி முழங்கினால் பவரையும் கேபிளையும் கழற்றச் சொல்லி, ரவுட்டர் அருகே ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டு வாருங்கள். அந்தத் தாளில் உங்கள் போன் நம்பரும் இருக்கட்டும். மற்றவனின் விசிட்டிங் கார்ட் குப்பைக்குப் போகும், இது சுவரில் இருக்கும்.

7. காசு கேட்கத் தெரிய வேண்டும்

"தம்பி, ஒரு கம்பி கட்டுறதுக்கு இவ்வளவா?" என்று கேட்காத கஸ்டமர் இந்தக் கரையில் இல்லை. சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்: "கம்பிக்கு இல்ல காக்கா. மாரி முடியிற வரைக்கும் என்ன நீங்க தேடாம இருக்கத்தான் இந்தக் காசு." பிறகு தாளை நீட்டுங்கள். பார்க்க வந்த கட்டணம், பொருள், கூலி, உத்தரவாதம் என்று தனித்தனி வரி. மொத்தமாக ஒரு தொகை சொன்னால் மொத்தமாகக் குறைப்பார்கள். வரி வரியாக எழுதினால் எதைக் குறைப்பது என்று அவருக்கே குழப்பம். கூலியைக் குறைக்காதீர்கள். குறைக்கத்தான் வேண்டும் என்றால் கேபிள் நீளத்தைக் குறைத்து அந்தக் காசைக் கழியுங்கள்.

கிட்டங்கியால் தண்ணி பாய்ந்தால் கல்முனைக்கும் நாவிதன்வெளிக்கும் பாதை அடைபடும். கல்முனைப் பக்கத்து டெக்னீஷியனுக்கு அன்று திரும்பி வந்து இறுக்கிக் கொடுக்க முடியாது. நீங்கள் நாவிதன்வெளிக்காரர் என்றால் இது உங்கள் துருப்புச்சீட்டு, பேச்சில் போடுங்கள். கல்முனைக்காரர் என்றால் அக்கரையில் ஒரு பொடியனைப் பார்ட்னராக வைத்துக்கொள்ளுங்கள்.

8. வீட்டுக்குள் எப்படி நடந்துகொள்கிறீர்கள்

வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் முஸ்லிம் வீட்டுக்கு நேரம் கொடுக்காதீர்கள். ஆண்கள் இல்லாத வீடு என்றால் முதலில் கோல் எடுத்துக் கேட்டுவிட்டுப் போங்கள். தமிழ் வீட்டில் சாமி அறைச் சுவரில் ட்ரில் வைக்கும் முன் கேளுங்கள். காக்கா, தாத்தா, அண்ணன், அக்கா, ஐயா என்று அந்தந்த வீட்டு முறையில் கூப்பிடுங்கள். ட்ரில் தூசியை நீங்களே கூட்டுங்கள். இவ்வளவுதான். ஆனால் இதைச் செய்கிறவர்கள் குறைவு, அதனால்தான் எழுதுகிறேன்.

இன்னொன்று, சிங்களம். அம்பாறைப் பக்கத்து வேலையும் கம்பனிகளின் கொழும்பு ஒபிஸ் கோலும் சிங்களத்தில் வரும். ஆறு மாதம் ஒதுக்கிப் பேசப் பழகினால், ஊரில் உள்ள பாதிப் போட்டியாளர்கள் உங்கள் பின்னால் நிற்பார்கள்.

9. பேப்பர் இல்லாத திறமைக்குப் பாதி விலை

எத்தனை கூரை ஏறினாலும் கையில் சான்றிதழ் இல்லாவிட்டால் கம்பனி சப் கொந்தராத்துக்கு மேல் தராது. ஏற்கெனவே வேலை தெரிந்தவர்கள் முதலிலிருந்து படிக்கத் தேவையில்லை. முன்கற்றலை அங்கீகரிக்கும் ஆர்.பி.எல். முறையில் சோதனைக்கு முகம்கொடுத்து என்.வி.கியூ. தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்கலாம். சம்மாந்துறை தொழில்நுட்பக் கல்லூரியில் போய் விசாரியுங்கள். வளைகுடாவுக்குப் போகும் எண்ணம் இருந்தால் அங்கே உங்கள் வேலையின் பெயர் ஈ.எல்.வி. டெக்னீஷியன். கெமரா, நெட்வொர்க் கேபிளிங், வைஃபை எல்லாம் அதற்குள் வரும். நேர்முகத்தில் சான்றிதழோடு படமும் கேட்பார்கள். எனவே ஒவ்வொரு வேலையிலும் மூன்று படம்: தூரத்திலிருந்து முழுக் கம்பம், பிராக்கட் கிட்டத்தில், கேபிள் வளைவு கிட்டத்தில். போன் தொலைந்தாலும் அழியாத இடத்தில் சேமியுங்கள்.

சட்டத்தில் கை வைக்காதீர்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி இல்லாத சிக்னல் பூஸ்டரை ஒன்லைனில் வாங்கித் தந்து "இத மாட்டித் தாங்க" என்பார்கள். ஒரு வீட்டுக்காக ஊர் முழுவதின் சிக்னலைக் குழப்பும் சாமான் அது. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, மாட்டுப்படுவது கட்டியவனும்தான்.

10. ஸ்டார்லிங்க்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்

டவரைத் தேடும் வேலை அதில் இல்லை, உண்மை. ஆனால் வானம் திறந்த இடம் வேண்டும், தென்னை மட்டை குறுக்கே வரக்கூடாது. பெட்டியோடு வருகிற ஸ்டாண்ட் தரையில் வைப்பதற்குத்தான். அதைத் தண்ணி டாங்கி மூடியில் வைத்து மேலே கல் வைக்கிறவர்களை இப்போதே பார்க்கலாம். விலை கூடிய சாமான் வாங்கியவர் நல்ல கம்பத்துக்கும் காசு தருவார், அவரிடம் முதலில் போய்ச் சேருகிற ஆளாக இருங்கள்.

இன்று ஒரு வேலை செய்யுங்கள். போனில் உள்ள பழைய கஸ்டமர் நம்பர்களை எடுத்து, நாளுக்கு ஐந்து பேருக்குக் கோல் எடுங்கள். "மாரிக்கு முன்னால கம்பத்த ஒருக்கா இறுக்கிட்டுப் போறன், சின்னக் காசுதான்" என்று சொல்லுங்கள். ஒக்டோபர் முடிவதற்குள் பட்டியல் முடிய வேண்டும். நவம்பரில் மழை இறங்கிவிட்டால் கூரையில் யாரும் ஏற முடியாது.